துயரமும் ஒரு தியானமே

மனம் கலங்கிப் போகும் வேளையில் இறை நம்பிக்கை ஆறுதல் தரும் என்பதில் யாருக்கும் ஐயம் இல்லை. எப்படித் தருகிறது என்று கேட்டால்தான் பதில் தடுமாறுகிறது. "ஆண்டவன் பார்த்துக்குவான்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். பெரும்பாலான சமயங்களில் அந்தப் பதிலே போதுமானதாக இருக்கலாம். அருள் செய்ய அங்கே ஒரு கை இருக்கிறது. எங்கள் அருக சமயத்தில் அந்தக் கை கிடையாது. அருகன் யாருக்கும் எதையும் கொடுப்பதில்லை, எடுத்துக்கொள்வதும் இல்லை. வினையை வென்று போனவர் அவர். வழியைக் காட்டியிருக்கிறார், அவ்வளவுதான்.

"அப்போ எதுக்கு சார் கும்பிடுறீங்க?" என்று நம் சங்கத்து நண்பர்கள் பல காலமாக என்னைக் கேட்டு வருகிறார்கள். நியாயமான கேள்வி. மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று செயலாளர் கேட்டதும், அந்தக் கேள்விக்கே பதில் எழுதிவிடலாம் என்று தோன்றியது. கொடுக்கிற சாமி இல்லாத சமயத்தில் மன அமைதி வந்தாக வேண்டுமானால் அதற்கு ஒரு முறை, ஒரு கணக்கு இருந்தாக வேண்டும் அல்லவா? அந்தக் கணக்கைத்தான் இங்கே விரித்துக் காட்டப் போகிறேன். மற்றச் சமயத்து அன்பர்களும் தங்கள் வழிபாட்டோடு பொருத்திப் பார்த்துக்கொள்ளலாம்.

என்னைப் பற்றி இரண்டு வரி. ஆரணிப் பக்கத்துத் தமிழ் ஜைனக் குடும்பம். 1984-ல் பட்டுச் சேலை வியாபாரத்துக்காக அகமதாபாத்துக்கு வந்தவன். பள்ளிப் படிப்பு பத்தாம் வகுப்போடு சரி. நூல்களெல்லாம் கடை சாத்திய பிறகு படித்தவை. இந்த ஊரில் எனக்கு ஒரு வேடிக்கையான நிலை உண்டு. குஜராத்தி ஜைனர்கள், "மதராஸியில் ஜைனர் உண்டா?" என்று வியப்பார்கள். நம் தமிழர்கள், "ஜைனர்னா சேட்டு இல்லையா? நீங்க எப்படித் தமிழ் பேசுறீங்க?" என்பார்கள். இருவருக்கும் நான் சொல்வது, ஒருமுறை செஞ்சிக்குப் பக்கத்தில் திருநாதர்குன்றுக்குப் போய் வாருங்கள் என்பதுதான். ஒரே பாறையில் 24 தீர்த்தங்கரர்களும் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர் நீத்த சந்திரநந்தி என்ற ஆசிரியரின் நினைவாகப் பழந்தமிழ்க் கல்வெட்டு ஒன்றும் அங்கே உண்டு. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

தியானம் நான்கு வகை

உமாஸ்வாமி இயற்றிய தத்வார்த்த சூத்திரம் பத்து அத்தியாயம் கொண்ட சிறிய நூல். திகம்பரர், சுவேதாம்பரர் என்ற இரு பிரிவினரும் (சில பாட வேறுபாடுகளுடன்) ஏற்றுக்கொண்ட நூல் அது. அதன் ஒன்பதாம் அத்தியாயத்தில் தியானத்துக்கு ஓர் இலக்கணம் வருகிறது. மனம் அங்குமிங்கும் ஓடாமல் ஒரே பொருளில் நிலைத்து நிற்பது தியானம். அந்தப் பொருள் நல்லதாகத்தான் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அந்த இலக்கணத்தில் இல்லை. முதன்முதலில் படித்தபோது இதை நான் கவனிக்கவே இல்லை. பல வருஷம் கழித்துத்தான் கண்ணில் பட்டது.

நிபந்தனை இல்லாததால் தியானம் நான்கு வகையாகிறது. ஆர்த்தம், ரௌத்திரம், தர்மம், சுக்கிலம். ஆர்த்தம் என்றால் துன்பத்தில் தோய்ந்து நிற்பது. ரௌத்திரம் கொடுமையில் தோய்ந்து நிற்பது. இந்த இரண்டும் நம்மைக் கட்டுபவை. பின்னிரண்டும் அவிழ்ப்பவை. சுக்கிலத் தியானம் நம்மைப் போன்ற இல்லறத்தாருக்கு எட்டாத உயரம்; அதைப் பற்றி இங்கே பேச வேண்டாம்.

அதாவது, அழுது புலம்பிக்கொண்டிருப்பவரும் தியானத்தில்தான் இருக்கிறார். "எனக்குத் தியானமெல்லாம் வராதுங்க, மனசு ஒரு இடத்துல நிக்கமாட்டேங்குது" என்று சொல்லாதவர் யார்? அதே மனசு, மூன்று வருஷத்துக்கு முன்னால் சம்பந்தி வீட்டுக் கல்யாணத்தில் யாரோ சொன்ன ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு ராத்திரி இரண்டு மணி வரைக்கும் ஆடாமல் அசையாமல் நிற்கிறது. வராது என்பது சரியல்ல. நன்றாகவே வருகிறது. முதல் போட்ட இடம்தான் தவறு.

ஆர்த்தத் தியானத்தையும் சூத்திரம் நான்காகப் பிரிக்கிறது. பிடிக்காத ஒன்று வந்து சேர்ந்துவிட, அது எப்போது தொலையும் என்றே எண்ணிக்கொண்டிருப்பது முதல் வகை. பிடித்த ஒன்றைப் பிரிந்து, அது திரும்பாதா என்று எண்ணிக்கொண்டிருப்பது இரண்டாவது. உடல் நோவையே எண்ணிக்கொண்டிருப்பது மூன்றாவது. நான்காவது நிதானம். நாம் பேசும் தமிழில் இருக்கும் நிதானம் வேறு. இது வடமொழிக் கலைச்சொல். 'இன்ன நோன்பு இருந்தேன், அதற்கு இன்ன பலன் கிடைக்கட்டும்' என்று வருங்கால இன்பத்தைக் குறிவைத்து ஏங்குவதற்குப் பெயர் அது. இங்கேதான் எங்கள் சமயம் மற்றவர்களுக்குக் கடுமையாகத் தெரியும். பலன் கேட்டு நோன்பிருப்பதும் மனக்கலக்கத்தின் பட்டியலிலேயே வைக்கப்பட்டிருக்கிறது. மருந்தின் பட்டியலில் இல்லை. பிரார்த்தனை செய்துகொள்ளும் அன்பர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. பேரம் படியாதபோது மனசு இரண்டு மடங்கு உடைந்து போவதை வியாபாரி என்ற முறையில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு செய்தியும் அதே இடத்தில் இருக்கிறது. ஆர்த்தத் தியானம் யார் யாருக்கு வரும் என்று சொல்லும்போது, விரதம் இல்லாதவர், பாதி விரதம் காக்கும் இல்லறத்தார் ஆகியோரோடு நிறுத்தாமல், கவனம் சற்றுத் தளர்ந்த நிலையில் துறவிக்கும் வரும் என்கிறது நூல். (துறவிக்கு அந்த நான்காவது வகை மட்டும் வராது என்று உரையாசிரியர்கள் விலக்கு அளிக்கிறார்கள்.) முற்றும் துறந்த முனிவருக்கே இது வரும் என்றால், நமக்கு வருவதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? "இவ்வளவு படிச்சவர், பூஜை பண்றவர், இப்படி உடைஞ்சு போயிட்டாரே" என்று துக்க வீட்டில் பேசுகிறவர்கள் இந்தச் சூத்திரத்தைப் படித்தால் நல்லது.

சிலப்பதிகாரத்தில் வரும் கவுந்தியடிகளை எல்லோருக்கும் தெரியும். சமணத் துறவி. மதுரைக்குப் போகும் வழியில் கோவலனையும் கண்ணகியையும் இரண்டு வம்பர்கள் இழித்துப் பேச, அடிகள் அவர்களை நரியாகும்படி சபித்துவிடுகிறார். பிறகு இவர்கள் இருவரும் இரங்கிக் கேட்டுக்கொண்ட பின்புதான் ஓராண்டில் பழைய உருவம் கிடைக்கட்டும் என்று தணிகிறார். துறவி சபிக்கலாமா என்று பட்டிமன்றம் நடத்துவார்கள். எனக்கு அது இளங்கோவடிகள் மனித மனத்தை அறிந்து எழுதிய இடமாகவே படுகிறது. அதே கவுந்தியடிகள்தான் மதுரைப் புறஞ்சேரியில், தன் நிலைக்கு நொந்துபோன கோவலனிடம் இராமனும் நளனும் பட்ட பாட்டை எடுத்துச் சொல்லித் தேற்றுகிறார். சபித்த வாயும் தேற்றிய வாயும் ஒன்றுதான்.

நாற்பத்தெட்டு நிமிடம்

தியானத்தின் இலக்கணத்தில் ஒரு கால அளவும் இருக்கிறது. மிகச் சிறந்த உடல் வலிமை உள்ளவருக்கே ஒரு பொருளில் மனம் நிற்பது அந்தர்முகூர்த்தம் வரையில்தான். ஒரு முகூர்த்தம் என்பது இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிடம். அதற்கு உட்பட்டது அந்தர்முகூர்த்தம். அவ்வளவு வலிமை இல்லாத நமக்கு அதில் ஒரு துண்டு நேரம் கிடைத்தாலே பெரிது.

இதை நான் தத்துவக் கணக்காக மட்டும் நினைத்திருந்தேன். 2021 ஏப்ரலில் என் துணைவியார் காலமானார். இந்த ஊரில் அந்த மாதம் எப்படி இருந்தது என்பது இங்கே இருந்த நம் எல்லோருக்கும் தெரியும். மருத்துவமனைக்குள் யாரையும் விடவில்லை. கடைசியாகப் பேசியது செல்போனில். மூச்சு வாங்கிக்கொண்டே, மாங்காய் வாங்கி உப்பில் போட்டிருப்பதாகவும் தினமும் குலுக்கி விடும்படியும் சொன்னார். நான்காம் நாள் முகம் பார்க்காமலே எல்லாம் முடிந்துவிட்டது. 37 வருஷ இல்லறம்.

அதற்குப் பிறகு மனசு இரண்டாம் வகை ஆர்த்தத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. பெயர் தெரிந்திருந்தது, எந்த அத்தியாயம் என்பதும் தெரிந்திருந்தது. அதனால் வலி ஒன்றும் குறையவில்லை. மகள் போனில், "அப்பா, நீங்க நாள் பூரா அம்மாவையே நெனச்சிட்டிருக்கீங்க" என்றாள். நாள் பூராவா என்று எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. 48 நிமிடத்துக்கு மேல் முடியாது என்று நூல் சொல்கிறதே! கடையில் நாள்வழி எழுதிப் பழகிய கை. பழைய நோட்டு ஒன்றை எடுத்தேன். நினைப்பு வந்ததும் மணி எழுதுவது, எதனால் வந்தது என்று எழுதுவது, விட்டதும் மறுபடி மணி எழுதுவது. துக்கத்துக்குக் கணக்கு எழுதுகிறவன் கல்நெஞ்சன் என்று யாரும் நினைக்கலாம், நினைத்துவிட்டுப் போகட்டும்.

ஒரு மாதக் கணக்கைப் பார்த்தேன். ஒரு நாளைக்குப் பதினொன்று, பதினான்கு முறை. ஒன்றுகூட இருபது நிமிடத்தைத் தாண்டவில்லை. பல பதிவுகள் நான்கைந்து நிமிடம்தான். நாள் முழுக்க ஓடும் ஒரே ஆறு என்று நான் நம்பியது, தனித்தனியாகப் பற்றி, தனித்தனியாக அணைகிற பதினான்கு தீக்குச்சிகள். பற்ற வைத்த காரணங்களும் நோட்டில் இருந்தன. பக்கத்து வீட்டுக் குக்கர் விசில். ஊறுகாய் ஜாடி. செல்போனில் அவருக்கென்று வைத்திருந்த மணியோசை. ஆனால் பாதிக்குப் பாதி பதிவுகளில் வெளிக்காரணம் எதுவும் இல்லை. மனசு சும்மா இருந்தது, தானே போய் எடுத்துக்கொண்டது.

இந்தக் கணக்கு துக்கத்தைத் தீர்த்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் இடைவெளிகள் இருக்கின்றன என்று காட்டியது. இடைவெளி இருக்கிறது என்று தெரிந்தால்தான் அங்கே வேறொன்றை வைக்க முடியும். நம்பிக்கை, வழிபாடு என்பவற்றின் வேலை எங்கள் நெறியில் அந்த இடத்தில்தான் தொடங்குகிறது. மனத்தை வெறுமையாக்கச் சொல்லவில்லை. ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டிருப்பது அதன் இயல்பு, ஆகவே வேறு பொருளைக் கொடு என்கிறது.

அழக் கூடாதா?

ஆறாம் அத்தியாயத்தில் ஒரு கடினமான சூத்திரம் உண்டு. துன்பம், சோகம், மனவெதும்பல், அழுகை, வதை, பிறர் இரங்கும்படிப் புலம்பல் ஆகிய இவற்றைத் தன்னிடத்தோ பிறரிடத்தோ இருவரிடத்துமோ உண்டாக்குவது, மேலும் துன்பம் தரும் வினை வந்து சேரக் காரணமாகும் என்கிறது. அசாதா வேதனீயம் என்பது அந்த வினையின் பெயர். வியாபாரத்தில் சொன்னால் வட்டிக்கு வட்டி. துக்கத்தை அடைக்கிறேன் என்று துக்கத்தையே கடன் வாங்குவது.

இதைக் கேட்டு, "அப்போ செத்த வீட்டில் அழவே கூடாதா?" என்று ஓர் அம்மையார் என்னிடம் கோபித்துக்கொண்டார். கோபம் நியாயம்தான். பூஜ்யபாதர் இந்த நூலுக்கு எழுதிய சர்வார்த்தசித்தி என்ற உரையில் ஏறக்குறைய இதே போன்ற தடையை எழுப்பி விடை சொல்கிறார். தன்னைத் துன்புறுத்திக்கொள்வது பாவம் என்றால், முனிவர்கள் தலைமயிரைப் பிடுங்கிக்கொள்வதும் பட்டினி கிடப்பதும் பாவமாகாதா என்பது தடை. கட்டியைக் கீறும் மருத்துவனால் நோயாளிக்கு வலிக்கிறது. ஆனால் அவன் நெஞ்சில் இரக்கம் இருக்கிறது, வெகுளி இல்லை, ஆகவே பாவமில்லை என்பது அவர் விடை. கட்டுவது வலி அல்ல, வலியோடு கலந்திருக்கும் வெகுளி முதலியவைதான். நான் அந்த அம்மையாருக்குச் சொன்னதும் இதுவே. கண்ணீர் வந்தால் வரட்டும். கண்ணீரோடு சேர்ந்து, 'எனக்கு மட்டும் ஏன்?', 'அவளுக்கு மட்டும் எல்லாம் நல்லா இருக்கே' என்று வருகிறதே, அதுதான் கடன்.

செய்யும் முறை

சாமாயிகம் என்பது இல்லறத்தாருக்கு விதித்த நோன்புகளில் ஒன்று. இரண்டு நாழிகை நேரம், கிழக்கோ வடக்கோ பார்த்து, எல்லா உயிரிடத்தும் சமநிலையில் இருப்பேன் என்று உறுதி செய்துகொண்டு உட்கார்வது அல்லது நிற்பது. விதி அவ்வளவுதான். அந்த 48 நிமிடத்தில் என்ன செய்வது என்பதில்தான் அனுபவம் வேண்டும்.

முதலில் காயோத்சர்க்கம், உடலை விட்டுவிட்டு நிற்றல். ஐந்து பரமேட்டிகளை வணங்கும் மந்திரத்தை ஒன்பது முறை, 27 மூச்சில் சொல்ல வேண்டும். ஒரு மந்திரத்துக்கு மூன்று மூச்சு. உள்ளிழுக்கும்போது முதல் வணக்கம், விடும்போது இரண்டாவது. மறுபடி இழுக்கும்போது மூன்றாவது, விடும்போது நான்காவது. ஐந்தாவதை இரண்டாகப் பிரித்து மூன்றாம் மூச்சுக்கு. மூச்சு தாறுமாறாக ஓடும்போது மனசை அடக்க யாராலும் முடியாது. ஆனால் சொற்களை மூச்சில் கோத்துவிட்டால் மூச்சு சொல்லின் அளவுக்கு வந்துவிடும்; பின்னாலேயே மனசு வரும். எனக்கு ஒரு சுற்று மூன்று நிமிடத்துக்குள் முடியும். அந்த மந்திரத்தில் வரம் கேட்கும் சொல் ஒன்றும் கிடையாது, வணக்கம் மட்டுமே. அந்த நேரத்தில் அது எவ்வளவு பெரிய ஓய்வு என்பதைச் செய்து பார்த்தால்தான் தெரியும். சைவ, வைணவ அன்பர்கள் தங்கள் நாமத்தையே இப்படிக் கோத்துக்கொள்ளலாம்.

மாலையில் ஏன் 108 மணி என்பதற்கு எங்களிடம் ஒரு கணக்கு உண்டு. தீமையை நினைத்தல், அதற்கு வேண்டியதைத் திரட்டுதல், தொடங்கிவிடுதல் என்று மூன்று. மனம், சொல், உடல் என்று மூன்று. தானே செய்தல், செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல் என்று மூன்று. வெகுளி, செருக்கு, வஞ்சம், பேராசை என்று நான்கு. பெருக்கினால் 108. வினை உள்ளே வரும் வாசல்கள் இவை. எனக்கு இந்தக் கணக்கு மாலை உருட்டுவதைவிட வேறொரு விதத்தில் உதவியிருக்கிறது. மனம் கொதிக்கும்போது, இது எந்த வாசல் என்று பார்ப்பது. உதாரணமாக, நம்மை ஏமாற்றியவன் நொடித்துப் போனான் என்று சேதி வருகிறது. உள்ளே ஒரு குளிர்ச்சி. அது மனத்தால், உடன்படுதலாக, வெகுளியின் வழியாக வந்தது. வாசலைக் கண்டுபிடித்துப் பெயர் சொல்வதற்குள் கொதிப்பு பாதி இறங்கிவிடுகிறது.

ஏமாற்றியவன் என்று எழுதும்போது ரௌத்திரத்தையும் சொல்லிவிடுகிறேன். 1998-ல் வெளியூர்ப் பார்ட்டி ஒருவர் ஏழு லட்ச ரூபாய்ச் சரக்கை வாங்கிக்கொண்டு கையை விரித்துவிட்டார். அன்றைக்கு அது என் முதலில் பாதி. ரௌத்திரத்தின் நான்கு வகை கொலை, பொய், களவு, பொருளைக் காத்தல் ஆகியவற்றில் மனம் ஊறி நிற்பது. முதல் மூன்றையும் கேட்டால் நமக்கு வராது என்று தோன்றும். நான்காவது இருக்கிறதே, அது வியாபாரிகளுக்கென்றே எழுதியது. பூட்டிய கடையைத் தூக்கத்திலும் பூட்டிக்கொண்டிருப்பது! அதற்கு மாற்றாகச் சூத்திரம் நான்கு பாவனைகளைச் சொல்கிறது. எல்லா உயிரிடத்தும் நட்பு, குணத்தால் உயர்ந்தோரைக் கண்டு உவகை, துன்புறுவோரிடம் இரக்கம், திருத்த முடியாதவரிடம் நடுநிலை. இந்தக் கடைசிப் பாவனை எனக்கு மிகவும் பிடித்தது. ஏமாற்றியவனை நேசி என்று அது கேட்கவில்லை. அது என்னால் ஆகியிருக்காது. அவனை விட்டு விலகி நடுவில் நில், அவ்வளவு போதும் என்கிறது. பேரேட்டில் வராக்கடன் என்று எழுதிக் கணக்கை முடித்தேன். மனசில் முடிய மேலும் இரண்டு வருஷம் ஆனது.

எதை எப்போது நினைப்பது

தர்மத் தியானத்துக்குத் துணையாகப் பன்னிரண்டு சிந்தனைகளை முன்னோர் வகுத்திருக்கிறார்கள். நிலையாமை, புகலின்மை, பிறவிச் சுழல், தனிமை, வேறாதல் என்று அவை தொடர்கின்றன. தமிழில் சீவசம்போதனை என்ற நூல் முழுவதும் இந்தப் பன்னிரண்டைப் பற்றியதே. சீவகசிந்தாமணியின் கடைசி இலம்பகத்திலும் இதற்கு ஓர் அழகான காட்சி உண்டு. ஆண் குரங்கு ஒன்று பலாப்பழத்தைப் பெண் குரங்குக்குக் கொடுக்கிறது. தோட்டக்காவலன் அதை விரட்டிவிட்டுப் பழத்தைத் தான் எடுத்துக்கொள்கிறான். பார்த்துக்கொண்டிருந்த சீவகன், பழத்தை இழந்த குரங்கு கட்டியங்காரன், பறித்த காவலன் நான், அந்தப் பழம்தான் இந்த அரசு என்று உணர்கிறான். அடுத்து இன்னொருவன் வருவான் என்பது சொல்லாமலே புரிகிறது. 1887-ல் உ.வே.சாமிநாதையர் இந்நூலை அச்சிட்டபோது, ஐயம் வந்த இடங்களுக்குக் கும்பகோணத்துச் சமணர்களிடம் விளக்கம் கேட்டுத் தெரிந்துகொண்டதை அவரே எழுதியிருக்கிறார். (திருக்குறள் யார் நூல் என்ற வழக்கை இங்கே கிளப்ப மாட்டேன், விழா நன்றாக நடக்கட்டும்.)

ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நிலையாமையைத் துக்க வீட்டில் போய்ச் சொல்லாதீர்கள். "யாரும் நிரந்தரம் இல்லைங்க" என்று என்னிடம் அந்த மாதத்தில் எத்தனையோ பேர் போனில் சொன்னார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்கள். ஒன்றும் உள்ளே இறங்கவில்லை. சீவகன் அதை உணர்ந்தது பகைவனை வென்று, நாடு பிடித்து, மக்களைப் பெற்று, எல்லாம் நிறைந்து ஓய்ந்த வேளையில். புண் பச்சையாக இருக்கிறபோது அந்த மருந்து எரிச்சலைத்தான் தரும்.

பச்சைப் புண்ணுக்கு எனக்கு உதவியது எதிர்பாராத ஒன்று. தர்மத் தியானத்தின் நான்காவது வகை உலகத்தின் அமைப்பை எண்ணிப் பார்ப்பது. எங்கள் நூல்களில் உலகம், கால்களை அகட்டி இடுப்பில் கைவைத்து நிற்கும் ஓர் ஆளின் வடிவம். உயரம் 14 ரஜ்ஜு. அவன் இடுப்பளவில் மனித உலகம். அது 45 லட்சம் யோசனை அகலம். அதன் நடுவில் ஒரு லட்சம் யோசனை கொண்ட ஜம்புத்தீவு, அதன் தெற்கு ஓரத்தில் பரத கண்டம். விஞ்ஞானப் பூகோளத்தோடு மல்லுக்கு நிற்க இதைச் சொல்லவில்லை. மனசுக்கு ஒரு நடைப்பயிற்சி இது. அந்த ஆளின் பாதத்திலிருந்து மேலே ஒவ்வொரு அடுக்காக ஏறி, சித்தர்கள் இருக்கும் உச்சிவரை போய், திரும்ப இறங்கி, பரத கண்டம், அதில் நம் ஊர், அதில் என் வீடு, அந்த வீட்டில் ஊறுகாய் ஜாடி என்று வந்து சேரும்போது ஜாடி அதே ஜாடிதான். பார்க்கிற எனக்கு மூச்சு விட இடம் கிடைத்திருக்கும். சின்ன வயதில் பாட்டி சொன்னபோது தூக்கம் வந்த பாடம் இது.

ஒரு எச்சரிக்கை. வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, 'போய்ச் சேர்ந்துட்டா தேவலை' என்று ஒருவர் பேசத் தொடங்கிவிட்டார் என்றால் அவரிடம் சாமாயிகம் பேச வேண்டாம். டாக்டரிடம் கூட்டிப் போங்கள், தனியாக விடாதீர்கள். ஔஷத தானம் எங்கள் நான்கு தானங்களில் ஒன்று. மனநோய்க்கு மருந்து அதில் சேராது என்று எந்த நூலும் சொல்லவில்லை. சல்லேகனை நோன்பைத் தற்கொலையோடு குழப்புகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சாவை விரும்புவது அந்த நோன்புக்கே குற்றம் என்று தத்வார்த்த சூத்திரம் எண்ணியிருக்கிறது.

நாள் தவறினால் என்ன செய்வது என்று கேட்பார்கள். மறுநாள் உட்கார வேண்டியதுதான். 48 நிமிடம் முடியாதவர்கள் ஒன்பது மந்திரம், 27 மூச்சோடு நிறுத்திக்கொள்ளலாம். நான் இப்போதும் அந்த நோட்டை வைத்திருக்கிறேன். ஏப்ரல் வந்தால் பதிவுகள் கூடும். சென்ற ஏப்ரலில் நாளைக்கு இரண்டு, சில நாள் மூன்று. செல்போனில் நேரம் பார்த்தால் அதுவே இழுத்துக்கொண்டு போய்விடும் என்பதால் மணற்கடிகாரம் வைத்துக்கொண்டேன். இங்கே உபாசிரயங்களுக்குப் பக்கத்தில் பூஜைச் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கிறது. சாமாயிகத்துக்கான 48 நிமிடக் கடிகாரம்தானா என்று கேட்டு வாங்கவும்; பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், ஆனால் சீக்கிரம் ஓடிவிடுகிறவையும் உண்டு.